கோடம்பாக்கத் தொகுப்பறையில் பணிநிலையத் தாய்ப்பலகை: அமைப்பும் தொலை மேலாண்மையும்

பணிநிலையத் தாய்ப்பலகை என்பது படத்தொகுப்பு, காட்சி விளைவுகள், வண்ணச் சீராக்கம், ஒலிக்கலவை போன்ற கனமான வேலைகளுக்கான கணினிகளில் இடம்பெறும் மதர்போர்டு ஆகும். சாதாரண மேசைக் கணினியின் பலகையைவிட இதில் ஸ்லாட்டுகள் அதிகம்; இது ஏற்கும் நினைவகமும் அதிகம். இவ்வகைப் பலகைகள் பலவற்றில், கணினியைத் தொலைவிலிருந்தே இயக்கவும் அணைக்கவும் பழுது பார்க்கவும் உதவும் தனிச் சில்லு ஒன்றும் உண்டு. கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் பரவியுள்ள தமிழ்த் திரைத்துறையின் பின்தயாரிப்புக் கூடங்களுக்கு இத்தகைய கணினிகளே உலைக்களம்.

இந்தப் பலகைகளின் விளம்பரங்கள் இரண்டு சிறப்புகளை முன்னிறுத்துகின்றன: நிறைய ஸ்லாட்டுகள், தொலை மேலாண்மை. இரண்டுமே சேவையக அறையிலிருந்து வந்தவை. ரேக், பலத்த காற்றோட்டம், தனி வலையமைப்பு, அதை முழுநேரமும் கவனிக்க ஓர் ஆள் என நான்கு வசதிகள் இருப்பதாக எடுத்துக்கொண்டு உருவானவை. அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில் இயங்கும் தொகுப்புக்கூடத்தில் இந்த நான்கில் ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம். எனவே பலகை வாக்களிப்பதற்கும் அந்த அறையில் அது தருவதற்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்ப்பது அவசியமாகிறது.

பின்னணி

1990களின் தொடக்கம்வரை கோடம்பாக்கத்தில் படத்தொகுப்பு என்பது மூவியோலா, ஸ்டீன்பெக் இயந்திரங்களில் படச்சுருளை வெட்டி ஒட்டும் வேலை. சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட ரியல் இமேஜ் நிறுவனம் ஏவிட் கணினித் தொகுப்பு முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1994இல் வெளியான ‘மகாநதி’ அம்முறையில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுகிறது. அன்றைய ஏவிட், மேக்கின்டாஷ் கணினியில் இயங்கியது. எந்த அட்டை எந்த ஸ்லாட்டில் உட்கார வேண்டும் என்பது விற்பவர் தலைவலியாக இருந்தது. தொகுப்பாளர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

பின்னர் மென்பொருள்கள் பெருகின, வன்பொருள் விலை குறைந்தது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கணினியைத் தாமே பூட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் விலை விசாரித்துப் பாகம் வாங்கிப் பூட்டும் கணினியில் இன்று ஒரு முழுநீளப் படத்தைத் தொகுக்க முடியும். அந்தச் சுதந்திரத்தோடு பலகையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் கூடத்தின் தலையில் வந்து விழுந்தது.

பொறுப்பின் அளவு ஒரு கணக்கில் தெரியும். 4096 × 2160 படப்புள்ளிகள் கொண்ட 10-பிட் டிபிஎக்ஸ் சட்டகம் ஒன்று ஏறக்குறைய 35 மெகாபைட். நொடிக்கு 24 சட்டகம் என்றால் நொடிக்குச் சுமார் 850 மெகாபைட். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றின் 2,16,000 சட்டகங்கள் சுமார் 7.6 டெராபைட் இடம் பிடிக்கும். நொடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள வலைத் தொடுப்பின் உச்ச அளவே 1,250 மெகாபைட்தான். ஆக, சுருக்கப்படாத ஓர் ஓடையை அது தாங்கும். இரண்டாவது ஓடை வந்தால் திணறும். வரைகலை அட்டை, வேகமான வலை அட்டை, திரை வெளியீட்டு அட்டை, சேமிப்பு அட்டை என ஸ்லாட்டுகளுக்குப் போட்டி ஏற்படுவது இதனால்தான்.

ஏழு ஸ்லாட்டும் மூன்று இடமும்

இன்டெல் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறை பலகையின் அளவை 305 × 244 மில்லிமீட்டர் என்றும், இரு ஸ்லாட்டுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை 20.32 மில்லிமீட்டர் என்றும் நிர்ணயித்தது. அன்றைய அட்டை ஒரு ஸ்லாட் தடிமன் உள்ளது. அந்த இடைவெளி இன்றும் மாறவில்லை, அட்டைகள் மாறிவிட்டன. 2022இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையின் நிறுவனப் பதிப்பே மூன்று ஸ்லாட் அகலம் கொண்டது. அதன் மின்தேவை 450 வாட்.

ஏ.எம்.டி.யின் திரெட்ரிப்பர் புரோ செயலிகள் 128 பிசிஐஇ பாதைகளைத் தருகின்றன. அவற்றுக்கான ஆசுஸ் புரோ டபிள்யூஎஸ் டபிள்யூஆர்எக்ஸ்80ஈ-சேஜ் பலகையில் முழுநீள ஸ்லாட்டுகள் ஏழு. தாளில் இது பெரிய வசதி. ஆனால் மூன்று ஸ்லாட் அகல அட்டைகளை முதல் ஸ்லாட்டிலும் நான்காவதிலும் செருகினால் ஆறு இடங்கள் மூடிவிடும். இடையில் காற்றுக்கு வழியில்லாததால், மேல் அட்டை கீழ் அட்டை கக்கும் வெப்பத்தையே இழுத்துக்கொள்ளும். மூன்றாவது அட்டையை ஏழாவது ஸ்லாட்டில் செருகினால் அது பலகையின் விளிம்பைத் தாண்டித் தொங்கும். அதற்கேற்ற பெரிய பெட்டி வேண்டும். பல பலகைகளில் முன்பக்கப் பொத்தான், யூஎஸ்பி, விசிறி ஆகியவற்றுக்கான ஊசிகள் அந்த விளிம்பில்தான் உள்ளன. அவையும் அட்டைக்கு அடியில் சிக்கிக்கொள்ளும்.

ஆகவே ஏழு என்ற எண்ணிக்கை ஒரு ஸ்லாட் தடிமனுள்ள அட்டைகளுக்கே முழுமையாகப் பொருந்தும். ஆர்டிஎக்ஸ் 6000 அடா போன்ற அட்டை இரண்டு ஸ்லாட் அகலத்தில், 300 வாட்டில் இயங்கி, வெப்பத்தைப் பெட்டிக்கு வெளியே தள்ளிவிடும். அதன் விலையோ விளையாட்டு அட்டையின் விலையைப்போல் பல மடங்கு. குறைந்த முதலீட்டுக் கூடம் விளையாட்டு அட்டையை வாங்கும். பலகை தொழில்முறை அட்டையை மனத்தில் வைத்து வரையப்பட்டிருக்கும். இந்த முரண் விவரத்தாளில் வராது. பெட்டியைத் திறந்து பூட்டும் நாளில் தெரியவரும்.

வெப்பமும் அப்படித்தான். 350 வாட் செயலியும் 450 வாட் அட்டைகள் இரண்டும் சேர்ந்தாலே 1,250 வாட். அத்தகைய கணினிகள் நான்கு முழுவேகத்தில் ஓடினால் அறைக்குள் 5 கிலோவாட் வெப்பம் சேரும். ஒரு டன் குளிரூட்டி அகற்றக்கூடியது சுமார் 3.5 கிலோவாட். சென்னையின் மே மாத வெயிலையும் அறையில் இருப்பவர்களையும் கணக்கில் சேர்க்காமலே ஒன்றரை டன் குளிரூட்டி போய்விடுகிறது. ரேக்கில் முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் பலத்த காற்று அடிக்கும் என்று நம்பி வரையப்பட்ட பலகையை மேசைக்கடியில் நிற்கும் பெட்டிக்குள் வைத்தால், நினைவகத்துக்கும் மின்சீராக்கிப் பகுதிக்கும் அந்தக் காற்று எட்டாது. அட்டைகளுக்கு அடியில் மறையும் சிறு விசிறிகளில் தூசு படிந்தால், அதைத் துடைக்க எல்லா அட்டைகளையும் கழற்ற வேண்டும்.

விசிறிச் சத்தம் இன்னொரு தொல்லை. சேவையக மரபில் வந்த சில பலகைகள், மெதுவாகச் சுழலும் அமைதியான விசிறியைப் பழுதான விசிறி என்று முடிவுகட்டி, எல்லா விசிறிகளையும் உச்ச வேகத்துக்கு முடுக்கிவிடும், சில நொடிகளில் தணியும், மீண்டும் முடுக்கும். சேவையக அறையில் இதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். வசனத்தின் மூச்சொலியைச் செதுக்கிக்கொண்டிருக்கும் ஒலித்தொகுப்பாளரின் அறையில் அன்றைய வேலை அத்தோடு நின்றுவிடும்.

தொலை மேலாண்மை: கணினிக்குள் இன்னொரு கணினி

தொலை மேலாண்மையின் இதயம் பிஎம்சி எனப்படும் மேலாண்மைச் சில்லு. தைவானின் ஆஸ்பீட் நிறுவனம் உருவாக்கும் ஏஎஸ்டி2500, ஏஎஸ்டி2600 சில்லுகள் பரவலாகப் பயன்படுகின்றன. சில்லுக்கென்று தனிச் செயலி, தனி நினைவகம், தனி இயங்குதளம் உண்டு. கணினி அணைந்திருந்தாலும் மின்வழங்கியின் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தில் அது விழித்திருக்கும். உலாவி வழியாக உள்நுழைந்தால் கணினியை இயக்கலாம், அணைக்கலாம். வெப்பநிலை, விசிறி வேகம் பார்க்கலாம். பயோஸ் திரைக்குள் போகலாம். வேறோர் ஊரிலுள்ள கோப்பைக் குறுந்தகடுபோல் இணைத்து இயங்குதளத்தையே புதிதாக நிறுவலாம்.

இதற்கான ஐபிஎம்ஐ வரையறையை இன்டெல், டெல், எச்பி, என்ஈசி ஆகியவை 1998இல் வெளியிட்டன. அதன் இரண்டாம் பதிப்பு 2004இல் வந்தது. 2015இல் டிஎம்டிஎஃப் அமைப்பு ரெட்ஃபிஷ் என்ற புதிய வரையறையைக் கொண்டுவந்தது. இவை அனைத்தும் தரவு மையங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரு சிலர் கட்டியாள்வதற்காகப் பிறந்தவை. நான்கைந்து கணினிகள் உள்ள கூடத்துக்கு இவற்றின் தேவை என்ன என்ற கேள்விக்கு 2020ஆம் ஆண்டு விடை சொன்னது.

2020: பூட்டிய அறையும் வீட்டிலிருந்த ஆட்களும்

2020 மார்ச் 19 முதல் தமிழ்ப் படப்பிடிப்புகள் நின்றன. மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு. பின்தயாரிப்புப் பணிகளை மே 11 முதல் தொடங்கத் தமிழ்நாடு அரசு அனுமதித்தபோது, அதிகபட்சம் 5 பேர் என்பது நிபந்தனை. இடைப்பட்ட வாரங்களில் படத்தின் தரவு கோடம்பாக்கத்தில் பூட்டிய அறைகளில் இருந்தது. தொகுப்பாளரும் காட்சி விளைவுக் கலைஞரும் தம் வீடுகளில் இருந்தார்கள்.

தொலைத்திரை மென்பொருள்கள் அன்று கைகொடுத்திருக்கும். ஆனால் அவை வேலை செய்யக் கணினி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். இயங்குதளம் உறைந்துபோனால், புதுப்பிப்பு பாதியில் நின்றால், மின்தடைக்குப் பிறகு கணினி அணைந்தே கிடந்தால், அந்த மென்பொருளும் கூடவே படுத்துவிடும். யாராவது நேரில் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். வீட்டு வாசலைத் தாண்ட முடியாத நாட்களில் அந்த ஒற்றை அழுத்தல் பெரிய வேலை. தொலை மேலாண்மையின் உண்மையான பயன் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நள்ளிரவில் உறைந்துபோன ரெண்டர் கணினியை எழுப்ப உதவியாளரை வண்டியில் விரட்ட வேண்டியதில்லை. வெளியீட்டுத் தேதி அறிவித்துவிட்ட படத்துக்கு ஓர் இரவின் ரெண்டர் என்பது சிறு இழப்பல்ல. அந்த இழப்பைத் தம் உறக்கத்தால் ஈடுகட்டுபவர்கள், பெயர்ப்பட்டியலின் கடைசியில் ஓடும் உதவியாளர்கள்.

பயன் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே அதன் எல்லைகளைப் பேசுவது நியாயம்.

எதைக் காட்டும், எதைக் காட்டாது

பிஎம்சி காட்டுவது தன் சொந்தச் சிறு வரைகலைச் சில்லின் திரையை மட்டுமே. ஆர்டிஎக்ஸ் அட்டையிலிருந்து தொகுப்பாளரின் திரைக்குப் போகும் படம் அதற்குத் தெரியாது. பயோஸ் திரையும் இயங்குதளம் ஏறும் கட்டமும் தெரியும். அதற்குப்பின் பெரும்பாலும் வெற்றுத்திரை, அல்லது யாரும் பயன்படுத்தாத ஒரு கூடுதல் மேசைத்திரை. சில நேரங்களில் அந்த மங்கலான வெளியீட்டையே முதன்மைத் திரையாக விண்டோஸ் எடுத்துக்கொண்டு, தொகுப்பு மென்பொருளின் சாளரம் கண்ணில் படாத திரையில் திறக்கும். இதை நிறுத்தப் பலகையில் ஆளி அல்லது இணைப்பூசி இருக்கும். அதை நிறுத்தினால் தொலைத்திரை வசதியும் கையைவிட்டுப் போகும்.

இன்டெலின் வீ-புரோ வசதியிலும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. அதன் தொலைத்திரை, செயலியோடு இணைந்த இன்டெல் வரைகலைப் பகுதி இயங்கினால்தான் வேலை செய்யும். தனி அட்டையையே நம்பும் தொகுப்புக் கணினியில், அதிலும் இணை வரைகலை இல்லாத ஜியான் செயலியில், தொலைத்திரைக்கு வழியில்லை. இயக்குவது, அணைப்பது போன்றவையே மிஞ்சும்.

ஆகவே தொலை மேலாண்மை வேறு, தொலைவிலிருந்து வேலை செய்வது வேறு. முதலாவது கணினியை உயிரோடு வைத்திருக்கும். இரண்டாவதற்குத் தனி மென்பொருளும் நல்ல இணையத் தொடுப்பும் வேண்டும். விற்பனைப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் குழைக்கப்படுவதால், பிஎம்சி உள்ள பலகை வாங்கினால் வீட்டிலிருந்தே படம் தொகுக்கலாம் என்று எண்ணிப் பணத்தைப் போடுவது நேர்கிறது.

திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு

பெரிய குறை பாதுகாப்பில் இருக்கிறது. பிஎம்சிக்குள் நுழைந்தவர் கணினியின் முன் உட்கார்ந்தவருக்குச் சமம். இயங்குதளத்தின் கடவுச்சொல்லோ வைரஸ் தடுப்போ அவரைத் தடுக்காது. கணினியை வேறோர் இயங்குதளத்தில் எழுப்பி, குறியாக்கம் செய்யப்படாத வட்டுகளைப் படித்துவிட முடியும். தொகுப்பறையில் அந்த வட்டுகளில் இருப்பது வெளிவராத படம். நூற்றுக்கணக்கானவர்களின் பல மாத உழைப்பு, முதல் காட்சிக்கு முன்பே கைபேசிகளில் சுற்றத் தொடங்குவதற்கு அந்த ஒரு கதவு போதும்.

ஐபிஎம்ஐ இரண்டாம் பதிப்பில் ஒரு பிறவிக்குறை உண்டு. உள்நுழைய முயல்பவர் யாரென்று உறுதியாகும் முன்பே, கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட மறைப்பெண்ணைச் சில்லு அவருக்கு அனுப்பிவிடுகிறது. அதை எடுத்துப்போய் நிதானமாக உடைக்கலாம். 2013இல் வெளிச்சத்துக்கு வந்த இக்குறை வரையறையின் பகுதியாகவே இருப்பதால், ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய வழியில்லை. நீண்ட கடவுச்சொல்லும் தனி வலையமைப்புமே காப்பு. இன்டெலின் வசதியும் விலக்கல்ல. கடவுச்சொல்லுக்கான விடையை வெறுமையாக அனுப்பினாலே உள்ளே விடும் குறை ஒன்று 2017 மே மாதம் அதில் வெளியானது. ஐபிஎம்ஐ வழியாக நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ஜங்கிள்செக் என்ற தீநிரல் 2018இல் பரவியது.

தொகுப்பறைக்கு மிக அருகில் வந்த எச்சரிக்கை 2025ஆம் ஆண்டுடையது. ஏஎம்ஐ நிறுவனத்தின் மெகாராக் மேலாண்மை மென்பொருளில், கடவுச்சொல்லே இல்லாமல் உள்நுழைய வழிவிடும் குறை மார்ச் மாதம் அறிவிக்கப்பட்டது. அதற்குத் தரப்பட்ட கடுமை மதிப்பு 10க்கு 10. ஆசுஸ் திருத்தம் வெளியிட்ட பலகைகளுள் மேலே சொன்ன டபிள்யூஆர்எக்ஸ்80ஈ-சேஜ் பலகையும், அதன் அடுத்த தலைமுறையான டபிள்யூஆர்எக்ஸ்90ஈ-சேஜ் பலகையும் இருந்தன. அதாவது குறை எங்கோ இருக்கும் சேவையகத்தில் மட்டும் இல்லை. படத்தொகுப்பாளர் மேசைக்கடியில் நிற்கும் பெட்டியிலும் இருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமை இக்குறையை, நடைமுறைத் தாக்குதல்களில் பயன்படுத்தப்படுபவற்றின் பட்டியலில் சேர்த்தது.

திருத்தம் வெளிவந்தால் போதாது, அதை நிறுவ வேண்டும். பிஎம்சியின் மென்பொருளை விண்டோஸ் தானாகப் புதுப்பிக்காது. ஒருவர் நினைவில் வைத்து, கோப்பைப் பதிவிறக்கி, கணினியை வேலையிலிருந்து விடுவித்துச் செய்ய வேண்டும். இரவும் பகலும் ரெண்டர் ஓடும் கூடத்தில் அந்த ஒருவர் யார் என்பதற்கு விடை இருப்பதில்லை.

அமைப்பும் பாதுகாப்பும் சந்திக்கும் இடம்

பலகையின் வடிவமைப்பே பாதுகாப்பைக் கெடுக்கும் இடங்களும் உண்டு. பல பலகைகளின் பின்பக்கத்தில் வலைத் துளைகள் இரண்டு மூன்று வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்று மேலாண்மைக்கு உரியது. வடிவம் ஒன்று, அளவு ஒன்று. வேறுபாடு சிறு எழுத்தில் அச்சிட்ட பெயர் மட்டும். மேசைக்கடியில் கைபேசி வெளிச்சத்தில் கேபிள் மாட்டும் உதவியாளர், இணைய ரூட்டரின் கேபிளை மேலாண்மைத் துளையில் செருகிவிட்டால் அதைச் சுட்டிக்காட்ட ஒரு விளக்கும் எரியாது.

துளையைக் காலியாக விட்டால் பாதுகாப்பு என்பதும் எப்போதும் உண்மையல்ல. சூப்பர்மைக்ரோ பலகைகளில் காணப்படும் இயல்பு அமைப்பின்படி, மேலாண்மைத் துளையில் கேபிள் இல்லையென்றால் சில்லு முதல் சாதாரண வலைத் துளைக்குத் தாவி அதைப் பகிர்ந்துகொள்ளும். கேபிளைப் பிடுங்கிக் கதவைச் சாத்திவிட்டதாக நினைப்பவருக்கு, அது பக்கத்துக் கதவாக மாறியது தெரியாது. பலகை தனக்கென்று ஒரு முடிவு எடுத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் விடும் இந்த இயல்பு, சேவையக அறையில் வசதி, தொகுப்பறையில் பொறி.

எல்லாக் கணினிக்கும் ஒரே இயல்புக் கடவுச்சொல் தரும் பழக்கம், 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டத்துக்குப் பிறகு குறைந்து, பலகைக்கொரு தனிக் கடவுச்சொல் வழங்கும் முறை வந்தது. இது நல்ல மாற்றம். ஆனால் அந்தச் சொல் பலகைமேல் ஒட்டிய சீட்டில் இருந்தால், வரைகலை அட்டைகளைப் பூட்டிய பின் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும். பூட்டும் முன்பே அதைப் படமெடுத்து வைப்பது சின்ன வேலை; விட்டுவிட்டால் பின்னால் பெரிய வேலை.

வெளிநாட்டுப் படநிறுவனங்களின் வேலையை எடுக்கும் கூடங்களுக்கு நெருக்கடி இன்னும் கூடுதல். 2018இல் தொடங்கிய டிபிஎன் பாதுகாப்பு மதிப்பீடு, படத்தரவு உள்ள வலையமைப்பை இணையத்திலிருந்து பிரித்துவைப்பதை வலியுறுத்துகிறது. இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆணை, பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் நிறுவனங்களைக் கேட்கிறது. பிஎம்சியின் நிகழ்வுப் பதிவேடு சிறியது. நிரம்பினால் பழையது அழியும் அல்லது புதியது பதிவாகாது. பதிவுகளை வேறோர் இடத்துக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு செய்யாவிட்டால், யார் எப்போது நுழைந்தார்கள் என்பதற்குச் சான்று மிஞ்சாது.

மின்தடையும் வெள்ளமும்

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பெரும்பகுதியில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. பல இடங்களில் அது திரும்ப ஒன்றிரண்டு நாட்களுக்கு மேலானது. காத்திருப்பு மின்சாரத்தில் வாழும் சில்லு, யூபிஎஸ் தீர்ந்ததும் கணினியோடு சேர்ந்து அணையும். ரூட்டர் அணைந்தால் அதற்கு முன்பே தொடர்பு அறுந்துவிடும். தரைத்தளத்தில் தண்ணீர் ஏறும்போது பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைக்க எந்தச் சில்லாலும் முடியாது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 மணிவரை நிறுத்தப்படும் மின்சாரம்தான் கூடங்களின் வழக்கமான சோதனை. அங்கே தேவைப்படுவது எளியது: யூபிஎஸ் தீரும் முன் கணினி முறையாக அணைய வேண்டும், மின்சாரம் வந்ததும் எழ வேண்டும். முதலாவதற்கு யூபிஎஸ்ஸோடு வரும் மென்பொருள் போதும். இரண்டாவதற்கு மின்தடைக்குப் பின் தானாக இயங்கு என்ற பயோஸ் அமைப்பு போதும். அந்த அமைப்பு மலிவான பலகைகளிலும் உண்டு.

மாற்று வழிகள்

விலையுயர்ந்த பலகை இல்லாமலும் தொலை மேலாண்மையின் பெரும்பகுதியைப் பெறலாம். ராஸ்பெர்ரி பை சிறுகணினியில் இயங்கும் பைகேவிஎம், எச்டிஎம்ஐ வழியாகத் திரையைப் பிடித்து உலாவியில் காட்டுகிறது. முன்பக்கப் பொத்தானின் ஊசிகளில் இணைத்தால் கணினியை இயக்கவும் அணைக்கவும் செய்யும். அது வரைகலை அட்டையின் வெளியீட்டையே பிடிப்பதால், பிஎம்சியின் வெற்றுத்திரைச் சிக்கல் இதில் இல்லை. ஒரு கணினியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். தேவையில்லாதபோது கேபிளைப் பிடுங்கினால் கதவு நிச்சயமாகச் சாத்தப்படும். வெப்பநிலை, விசிறி, நினைவகப் பிழை போன்ற உள்விவரங்களை அது தராது. அதுவும் வலையில் இணைந்த இன்னொரு கணினியே என்பதால், கடவுச்சொல்லும் புதுப்பிப்பும் அதற்கும் பொருந்தும்.

மதிப்பீடு

பணிநிலையப் பலகைகள் தரமற்றவை என்பது இந்த விமர்சனத்தின் பொருளல்ல. 128 பாதைகளும் எட்டுத்தட நினைவகமும் பெரிய காட்சி விளைவுக் கூடத்துக்கு உண்மையிலேயே தேவை. முப்பது நாற்பது கணினிகளை ஓர் ஆள் கவனிக்கும் இடத்தில் பிஎம்சி இல்லாமல் முடியாது. அங்கே ரேக்கும் தனி வலையமைப்பும் இருக்கும். சிக்கல், அதே பலகை அதே வாசகங்களோடு நான்கு கணினி அறைக்கும் விற்கப்படுவதில் இருக்கிறது. அந்த அறை ஏழு ஸ்லாட்டுக்குப் பணம் கொடுத்து மூன்றைப் பயன்படுத்துகிறது. தொலை மேலாண்மைக்குப் பணம் கொடுத்து, கவனிக்க ஆளில்லாத ஒரு கதவையும் சேர்த்து வாங்குகிறது.

தயாரிப்பாளர்கள் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. மேலாண்மைச் சில்லு அணைந்த நிலையில் பெட்டியிலிருந்து வரலாம், தேவைப்படுபவர் இயக்கிக்கொள்வார். மேலாண்மைத் துளைக்கு வேறு நிறம் தரலாம். வேறு துளைக்குத் தாவும் இயல்பைக் கைவிடலாம். மூன்று ஸ்லாட் அகல அட்டைகள் எத்தனை பொருந்தும் என்பதை விவரத்தாளில் வரைந்து காட்டலாம். பிஎம்சி மென்பொருளுக்கு எத்தனை ஆண்டுகள் திருத்தம் வரும் என்பதை விலையோடு சேர்த்தே சொல்லலாம்.

கூடங்கள் பலகை வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு. வாங்கவிருக்கும் அட்டைகளின் தடிமனைக் கூட்டினால் எத்தனை ஸ்லாட் மிஞ்சும்? அந்த வெப்பத்தை அறையின் குளிரூட்டி தாங்குமா? மேலாண்மைத் துளைக்குத் தனி வலையும், வெளியிலிருந்து வர விபிஎன் வழியும் அமைக்க முடியுமா? மென்பொருளைப் புதுப்பிக்கும் பொறுப்பு பெயர் சொல்லி யாரிடமாவது ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா? கடைசி இரண்டுக்கும் விடை இல்லையென்றால், தொலை மேலாண்மை உள்ள பலகையை வாங்கினாலும் அந்த வசதியை பயோஸிலோ ஆளியிலோ நிறுத்தி வைப்பதே அந்த அறைக்கு நல்லது. இரவில் ஒருவர் வண்டியெடுத்து வந்து பொத்தானை அழுத்துவது சிரமம்தான். அந்தச் சிரமத்தைப் பிறகும் சரிசெய்துகொள்ளலாம். வெளிவராத படம் வெளியே போய்விட்டால் அதைத் திரும்ப உள்ளே கொண்டுவர முடியாது.